இரண்டாவது வாய்

மோர்சாதத்தில் முதல் வாய் சிக்கலில்லை.
இரண்டாவதில்தான் தொண்டை
யாரோ கதவைத் தட்டினாற்போல் நின்றுவிடும்.

நேதாஜி நகர் குவார்ட்டர்ஸ், மாடி வீடு.
எனக்கு ஒன்றரை வயது என்கிறாள் அம்மா,
இரண்டு முடிந்திருந்தது என்கிறார் அப்பா.
நினைவென்று எதுவும் என்னிடம் கிடையாது.
அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள்.
பயம் மட்டும்
ஒதுக்கீடு ரத்தாகாமல் இன்னும் குடியிருக்கிறது.

எட்டு நாற்பதுக்குச் சார்ட்டர்டு பஸ்.
விட்டால் அம்மாவுக்கு அரை நாள் லீவு போச்சு.
தட்டில் பாதிச் சாதம்,
உதட்டைப் பூட்டிக்கொண்டு நான்.
ரஜாய்க்குப் பஞ்சடிக்கிறவர்
வில்லைத் தோளில் மாட்டி நரம்பைச் சுண்டியபடி
பிளாக் பிளாக்காய் வருகிற அக்டோபர் அது.

டொய்ங்.

"வரான் பாரு, சாக்குல போட்டுண்டு போயிடுவான்."
வாய் திறந்தது. அலறத்தான் திறந்தது.
அந்த இடைவெளியில் ஓர் உருண்டை.

டொய்ங், உருண்டை. டொய்ங், உருண்டை.
எத்தனை காலை என்று யாரும் எண்ணவில்லை.
குளிர் முடிவதற்குள் சாக்கு வேண்டியிருக்கவில்லை,
அம்மாவின் குரல்கூட வேண்டியிருக்கவில்லை.
மூன்று தெரு தள்ளி நரம்பு அதிர்ந்தால் போதும்,
வாயைத் திறந்தேன், ஜட்டியை நனைத்தேன்.
பஸ் கிடைத்தது.

அவளைக் குறை சொல்லவில்லை.
இருபத்தாறு வயது, மணிக்கட்டில் கெடிகாரம்.
அவளையும் யாரோ எதையோ காட்டித்தான்
விழுங்க வைத்திருப்பார்கள்.

பயம் ஒரு மக்குப் பிள்ளை.
ஒரே பாடத்தைத்தான் படிக்கும்,
எந்தக் கேள்விக்கும் அதையே எழுதிவைக்கும்.
கரோல் பாக் கச்சேரியில் தம்புரா சுருதி சேர்ந்தபோது
உள்ளங்கை வியர்த்தது.
கல்லூரி கேண்டீனில் ஒருவன்
எனக்காகவென்று கிதாரை எடுத்தான்;
அதற்குமேல் அவனைக் காதலிக்க முடியவில்லை.
பக்கத்து மேஜை சக்ஸேனா
ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விடுவார்,
நான் மாற்றல் கேட்டு மனுப் போட்டேன்.
காரணம்: தூசு ஒவ்வாமை.

போன வருஷம், துவாரகா.
ரஜாய்ப் பஞ்சு கட்டிகட்டியாகிவிட்டதென்று
கணவர் ஆள் வரச்சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டார்.
அதே மனிதர் என்று எழுதினால் நன்றாயிருக்கும்.
இல்லை. இவர் பெயர் இத்ரீஸ், ஐம்பது இருக்கும்.
மொட்டைமாடியில் பஞ்சை விரித்திருந்தார்.
நான் கடைசிப் படியில்,
கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி.

நாலாம் மாடிப் பெண்குழந்தை ஓடிவந்தது.
சட்டென்று அவர் கை
நரம்பின்மேல் படிந்து சத்தத்தை அமுக்கிற்று,
அழுகிற வாயைப் பொத்துவதுபோல.

ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்றேன்.
சிரித்தார். குழந்தையைக் கண்டால்
கை தானாகப் போய்விடுகிறதாம்.
ஏழு வயதிலிருந்து அப்பாவோடு தெருத்தெருவாகப் போனாராம்.
ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு விரல் அவர்களைக் காட்டுமாம்,
விரலுக்குப் பக்கத்தில் ஒன்று வீறிட்டு அழுமாம்.
"முதலில் எனக்குப் புரியலை, பஹன்ஜி.
திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்,
எங்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று."

உருண்டைகளைப் பற்றிச் சொல்ல நினைத்தேன்.
இந்தியில் அதற்கு என்னிடம் வார்த்தை இருந்தது.
சொல்லவில்லை.

குழந்தை பஞ்சைக் காலால் உதைத்துவிட்டு
இறங்கிப் போனது.
ஒரு தரம் சுண்டுங்கள் என்றேன்.
விசித்திரமாகப் பார்த்துவிட்டுச் சுண்டினார்.

டொய்ங்.

முழங்கால் நழுவியது. வாய் திறந்துகொண்டது,
நாற்பத்தோரு வயதிலும் சொன்னபடி கேட்டு.
உள்ளே போனது பஞ்சுத் தூசி.
கண்ணில் நீர் வரும்வரை இருமினேன்.
அவர் பதறி வில்லைக் கீழே வைக்கப் போனார்.

வேண்டாம், இருக்கட்டும்.
இன்னொரு தரம் என்றேன்.